காலையில் எரிகிற டயர் விளக்கு, வாரம் ஒரு முறை இறங்குகிற டயர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாயோடு நிற்கும் தம்பி, "எவ்ளோ சார் வைக்கட்டும்?" என்று கேட்பார். நம்மில் நிறையப் பேர், "நீயே பாத்து வைப்பா" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்ப்போம். வெயில் காலமென்றால் 30 வைப்பார். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற மாதிரி தெரிந்தால் 35, 36 வைப்பார். பிறகு ஒரு மாதம் கழித்து டயர் ஓரம் தேய்கிறது, விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கிறது என்று ஏதாவது ஒன்று ஆரம்பிக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அளவு பற்றிய முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். டயரில் கோளாறு என்று நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்த வண்டிகளில் பலவற்றில் டயர் நன்றாகவே இருந்தது. அளந்த விதத்தில்தான் கோளாறு.

எதையும் தொடும் முன்: அளவு சரியா?

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆட்களும் சாமானும் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதுதான் உங்கள் வண்டிக்கான எண். டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 என்று பொடி எழுத்தில் ஒன்று அச்சாகியிருக்குமே, அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடித்து, வண்டி குதிக்கிறது என்று ஷாக் அப்சார்பரை மாற்றியவரை எனக்குத் தெரியும்.

ஸ்டிக்கரில் அலகு மாறி இருந்தால் குழம்ப வேண்டாம். 33 பிஎஸ்ஐ, 230 கிலோபாஸ்கல், 2.3 பார் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு 33 பிஎஸ்ஐ என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. குளிர்ந்தது என்றால் ஐஸ் வைத்த மாதிரி இல்லை. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே டயர் சூடாகி அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ ஏறிவிடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். வெயிலில் நிறுத்திய வண்டியில் வெயில் படுகிற பக்கத்து டயர்கள் மறுபக்கத்தைவிட 2, 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இதனால்தான். அதைப் பார்த்து, ஒரு பக்கம் அதிகமாகிவிட்டது என்று காற்றைத் திறந்து விடாதீர்கள்.

மூன்றாவது, சொந்தமாக ஒரு கேஜ், அதாவது காற்றழுத்தம் அளக்கிற கருவி. பேனா மாதிரி உள்ளது, வட்ட டயல், டிஜிட்டல் எதுவானாலும் சரி. ஒரே டயரில் மூன்று முறை அழுத்திப் பாருங்கள். மூன்று முறையும் அரை பிஎஸ்ஐக்குள் ஒரே எண் வந்தால் அது சீராகக் காட்டுகிற கேஜ்; எண் சரிதானா என்று இன்னொரு நல்ல கேஜோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அழுத்தும்போது உஸ் என்ற சத்தம் நீண்டால் சரியாகப் பொருந்தவில்லை. அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி நேராக வைத்து அழுத்துங்கள்.

"பங்குக்குப் போவதற்குள்ளேயே டயர் சூடாகிவிடுமே, குளிர்ந்த அளவு எப்படி வைப்பது?" என்று கேட்பீர்கள். நான் செய்வது இதுதான். காலையில் வண்டியை எடுக்கும் முன் வீட்டு வாசலிலேயே நான்கு டயரையும் என் கேஜில் அளந்து, குறைகிற எண்ணை மட்டும் குறித்துக்கொள்வேன். இடது முன் டயர் 30 காட்டுகிறது, 33 வேண்டும், அப்படியானால் குறை 3. பங்கில் அதே டயர் சூடேறி, அவர்களுடைய மெஷினில் 32 என்று காட்டும். அங்கே 33 வைக்கச் சொல்ல மாட்டேன். 32 கூட்டல் 3, ஆக 35 வைக்கச் சொல்வேன். ஓடியதால் ஏறிய சூடும் சரி, அந்த மெஷின் ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ காட்டுகிற பழக்கமும் சரி, இந்தக் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். மறுநாள் காலை அளந்தால் 33 இருக்கும். "ஸ்டிக்கர்ல 33 தானே சார் போட்ருக்கு?" என்று தம்பி ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும்.

காலையில் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைகிறது

குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. அதுதான் டயர் அழுத்த விளக்கு. காலையில் எரிந்து பத்து கிலோமீட்டரில் அணைந்தால், சென்சார் ஏதோ உளறுகிறது என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. டயர்தான் விளிம்பில் நிற்கிறது.

இந்த விளக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைந்தவுடன் எரிகிற விளக்கு கிடையாது. பொதுவாக 20 முதல் 25 சதவீதம் இறங்கின பிறகுதான் எரியும். 33 வைக்க வேண்டிய டயர் 25, 26க்கு வந்துவிட்டது என்று பொருள். ஓடினால் சூட்டில் இரண்டு பிஎஸ்ஐ ஏறி, எல்லையைத் தாண்டி, விளக்கு அணைகிறது. டயரில் காற்று கூடவில்லை, சூடுதான் கூடியிருக்கிறது.

எப்படி 26க்கு வந்தது? பெரும்பாலும் இப்படித்தான்: மத்தியானம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராகப் பங்குக்குப் போய் 33 வைத்திருப்பீர்கள். டயர் ஆறினதும் அது 29. நல்ல டயரில்கூட ரப்பர் வழியாக மாதம் 1 முதல் 2 பிஎஸ்ஐ காற்று கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் 26. அதற்கு மேல் ஒரு மார்கழிக் காலைக் குளிர் சேர்ந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். ஓசூர், கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஆண்டுதோறும் நடக்கிற சமாச்சாரம்.

செய்ய வேண்டியது: நான்கு டயரையும் குளிர்ந்த நிலையில் அளங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் கசிவு எதுவும் இல்லை, மேலே சொன்ன மாதிரி நிரப்பினால் போதும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 3, 4 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

வழியில் விளக்கு எரிகிறது, ஸ்டிக்கர் அளவும் தெரியும், ஆனால் டயர் சூடாக இருக்கிறது என்றால்? ஸ்டிக்கர் எண்ணோடு 4 கூட்டி வைத்துக்கொண்டு போங்கள். மறுநாள் காலை சரிபாருங்கள். சூடான டயரில் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கவே கூடாது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "வெயில் காலம், காத்தைக் குறைச்சு வைங்க, இல்லேன்னா வெடிச்சிடும்" என்பது ஊரெல்லாம் இருக்கிற நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்புகிறது. மே மாதத்துத் தார்ச்சாலையில், முழு லோடோடு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 26 பிஎஸ்ஐ டயர் ஓடுவதுதான் வெடிப்பதற்கான வழி. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து நடந்த விபத்துகளின்போது பெரிய விவாதமாக இருந்த விஷயங்களில் ஒன்று, அந்த வண்டிக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ குறைவா என்பது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தால்தான் அங்கே 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இந்த விளக்கு கட்டாயமானது.

ஒரே டயர் மட்டும் வாரம் 3, 4 பிஎஸ்ஐ இறங்குகிறது

இதில்தான் எனக்கு மூன்று மாதம் போனது.

பின் இடது டயர். திங்கட்கிழமை 33 வைத்தால் அடுத்த திங்கள் 29. முதல் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கி உருட்டினார்கள். ஒரு குமிழும் இல்லை. இரண்டாவது கடையில் சுற்றிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். மூன்றாவது கடைக்காரர், "டயரே பழசு சார், நாலையும் மாத்திடுங்க" என்றார். கடைசியில் பைபாஸ் ஓரம் கடை வைத்திருக்கிற ஒரு சேட்டன், சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. வால்வைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு அடியில் சோப்பு நுரையைத் தடவினார். பத்து விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் வால்வின் அடிக்கழுத்தில் எறும்பு முட்டை மாதிரி பொடிப்பொடியாக வெள்ளைக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. விரலை எடுத்தார், நின்றுவிட்டது. ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. வண்டி ஓடும்போது சக்கரம் சுழல்கிற வேகத்தில் வால்வு வெளிப்பக்கம் சாயும், அப்போது மட்டும் வெடிப்பு வாய் திறந்து கசியும். நிற்கும்போது மூடிக்கொள்ளும். தொட்டியில் எப்படித் தெரியும்?

ஆகவே கசிவைத் தேடும்போது இந்த வரிசையில் போங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அரை டம்ளர் தண்ணீர், பழைய ஷேவிங் பிரஷ் அல்லது ஸ்பிரே பாட்டில். இவ்வளவு போதும்.

முதலில் வால்வின் வாய். மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விடுங்கள். துளி உப்பி உடைந்தால் வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கிற சிறு ஊசி (வால்வு பின்) கசிகிறது. அதற்கென உள்ள சிறு திருகியால் கால் திருப்பு இறுக்கினாலே சில சமயம் நின்றுவிடும். நிற்காவிட்டால் பின்னை மாற்ற வேண்டும், இரண்டு நிமிட வேலை. அடுத்து வால்வின் அடிக்கழுத்து, மேலே சொன்ன மாதிரி நாலு திசையிலும் வளைத்துப் பார்த்து. புது டயர் போடும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயரின் விலைக்கு முன்னால் அது ஒரு காசே இல்லை.

மூன்றாவது, டயர் முகம். தார்ச்சாலையில் இருந்து வந்த ஆணி, கம்பித் துண்டு. கண்ணால் தேடுவதைவிட, உள்ளங்கை அகலத்துக்கு நுரை தடவி, வண்டியை முன்னே பின்னே கால் சுற்று நகர்த்தி மறுபடி தடவுவது நல்லது. ஆணி தெரிந்தால் அதைப் பிடுங்கி விடாதீர்கள். பல நேரம் அந்த ஆணியேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அப்படியே கடைக்குப் போங்கள். குச்சி வைத்து அடைப்பது அவசரத்துக்குச் சரி. டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து மஷ்ரூம் பஞ்சர் (காளான் வடிவ ரப்பர் அடைப்பு) போட்டால்தான் நிரந்தரம்; டயருக்குள் என்ன சேதம் என்று பார்க்கிற வாய்ப்பும் அப்போதுதான் கிடைக்கும். தரையில் படுகிற பகுதியில், 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான் இது. தோள் பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் டயர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. "ஒட்டித் தரேன் சார், ஓடும்" என்று சொல்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நான்காவது, பீடிங். டயர் விளிம்பு ரிம்மோடு உட்காரும் இடம். சுற்றிலும் நுரை தடவினால் ஓரிடத்தில் பாசி மாதிரி நுண்குமிழ்கள் படரும். அலாய் சக்கரத்தில் அரிப்பு வந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரும்பு டிஸ்க்கில் துரு. டயரைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி உட்கார வைத்தால் சரியாகும். பெரிய குழியில் விழுந்த பிறகு ஆரம்பித்த கசிவு என்றால் ரிம் வளைந்திருக்கிறதா, டயர் பக்கச் சுவரில் முட்டை மாதிரிப் புடைப்பு இருக்கிறதா என்று உள்பக்கமும் பாருங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. கடையில் தனியாக வாங்கி வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டுகிற சென்சார் வைத்திருக்கிறீர்களா? அது வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். காற்றை அடைத்து நிற்பது அந்தச் சென்சாருக்குள் இருக்கிற சிறு ரப்பர் வளையம் மட்டுமே. அது காய்ந்தால் கசிவு. சென்சாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண மூடியோடு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

காற்று சரியாக இருக்கிறது, விளக்கு மட்டும் அணையவில்லை

உங்கள் வண்டியில் எந்த வகை டிபிஎம்எஸ் (டயர் அழுத்தத்தைக் கண்காணித்து விளக்கைப் போடுகிற அமைப்பு) என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் வந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேட்டரியோடு சென்சார் இருக்கிறது. எண்ணே வராமல் வெறும் விளக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் மற்ற வகை: பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸின் சக்கர வேக சென்சாரை வைத்து ஊகிப்பது. காற்று இறங்கிய சக்கரத்தின் உருளும் ஆரம் குறையும், அதனால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து விளக்கைப் போடுகிறது.

ஊகிக்கிற வகையில் காற்றடித்த பிறகு நீங்கள்தான் ரீசெட் செய்ய வேண்டும். சில வண்டிகளில் பொத்தான், சிலவற்றில் திரை மெனுவுக்குள். செய்தபின் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் கற்றுக்கொள்ளும். இதில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. விளக்கு எரிகிறதே என்ற எரிச்சலில் காற்றை அளக்காமல் ரீசெட்டை மட்டும் அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே சரியான அளவென்று அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் மாதக்கணக்கில் 26இல் ஓட்டினாலும் வாயே திறக்காது. நான்கு டயரும் ஒன்றுபோல மெல்ல இறங்கினாலும் ஒப்பிட ஆளில்லாமல் இந்த வகை சில சமயம் தவறவிடும். விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கேஜைத் தூக்கி வைத்துவிட வேண்டாம்.

சென்சார் வகையில், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் அது காற்றைப் பற்றிய புகாரே இல்லை. அமைப்புக்குள் கோளாறு. வண்டி ஏழெட்டு வயது தாண்டியிருந்தால் சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கும். அது பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரைதான். பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். புது டயர் போட்ட அன்றே இது ஆரம்பித்தால், கழற்றும்போது கம்பி பட்டுச் சென்சார் உடைந்திருக்கலாம். டயர் கடையில் வேலை ஆரம்பிக்கும் முன்பே "உள்ளே சென்சார் இருக்கு, வால்வுப் பக்கம் பாத்து" என்று சொல்லிவிடுங்கள்.

அபூர்வமாக வருகிற ஒன்று: திரை முன் வலது டயர் குறைவு என்கிறது, அளந்தால் அது சரியாக இருக்கிறது, பின் வலதுதான் இறங்கியிருக்கிறது. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டபின் சென்சாரின் இடத்தை வண்டிக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சரி செய்யும்வரை திரையை நம்பிச் சரியான டயருக்கு மேலும் காற்றடிப்பீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்: உலோக வால்வு உள்ள சென்சாரில் பளபளக்கிற உலோக மூடி போடாதீர்கள். உப்புக் காற்றில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மூடியைத் திருகினால் வால்வு கையோடு வரும். பிளாஸ்டிக் மூடிதான் நல்லது.

ஒரு டயர் மட்டும் ஓட ஓட ஏறிக்கொண்டே போகிறது

காலையில் நான்கும் 33. ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் மூன்று டயர் 37, ஒன்று 41. வெயில் பக்கமும் இல்லை. காற்றை இறக்கத் தோன்றும், இறக்காதீர்கள். பாதுகாப்பாக ஓரம் கட்டிச் சக்கரத்தின் அருகே போய், தொடாமல், புறங்கையை நீட்டிப் பாருங்கள். அனலடித்தால், கூடவே காய்ந்த தீய்ந்த நாற்றம் வந்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது பிரேக் காலிப்பரை. டயர் இங்கே சேதி சொன்னவர் மட்டுந்தான்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

நம் சாலைகள் மழைத் தண்ணீர் வடிவதற்காக இடது ஓரம் கொஞ்சம் சரிந்திருக்கும். ஸ்டியரிங்கை விட்டால் இடது பக்கம் மெல்ல ஒதுங்குவது இயல்பு. அதைத் தாண்டி இழுத்தால் முதலில் முன் டயர் இரண்டையும் அளங்கள். காற்று குறைந்த பக்கம்தான் வண்டி போகும். இரண்டும் சமமாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இதைச் செய்யக் கூடாது. இழுப்பும் பக்கம் மாறினால் டயரில் கோளாறு. மாறவில்லை என்றால் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம்.

டயர் தேய்ந்த விதம்

கையால் தடவினாலே தெரியும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் மிச்சமிருந்தால் நாளெல்லாம் காற்றுக் குறைவாகவே ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மெண்ட்; காற்றடித்து அதைச் சரி செய்ய முடியாது. முன்னிருந்து பின்னாகத் தடவும்போது வழவழ, திரும்பத் தடவும்போது ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் அதுவும் சக்கரக் கோணம் சார்ந்ததுதான் பெரும்பாலும். அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் பாருங்கள். பள்ளங்களுக்குள் தெரியும் 1.6 மில்லிமீட்டர் மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் எந்த அழுத்தமும் உதவாது.

கண்ணால் பார்த்து, காலால் உதைத்துக் காற்றுப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் லேசாகப் பிதுங்கியே நிற்கும். 33க்கும் 26க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஊட்டியில் அளவு மாறுமா?

மலையேறுகிறவர்கள் தவறாமல் கேட்பது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு அது ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ. ஆனால் ஊட்டியின் காலைக் குளிர், சமவெளியைவிட 20 டிகிரி குறைவு என்றால், அதே 3 பிஎஸ்ஐயைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கீழே குளிர்ந்த நிலையில் 33 வைத்துப் போனவர் மேலே விடியற்காலை அளந்தால் 33ஐ ஒட்டித்தான் வரும். ஒன்றும் செய்ய வேண்டாம். இறங்கும்போது முன் டயர் அழுத்தம் ஏறினால் பிரேக்கை மிதித்தே வருகிறீர்கள் என்று பொருள், கியரைக் குறையுங்கள்.

நைட்ரஜன் போட்டும் இறங்குகிறது

இறங்கத்தான் செய்யும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை டயர்களில் 30 பிஎஸ்ஐ வைத்து, வண்டியில் ஓட்டாமல் ஓராண்டு சும்மா விட்டுப் பார்த்தபோது காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐயும், நைட்ரஜன் 2.2 பிஎஸ்ஐயும் இறங்கின. ஓராண்டுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் டயரில் வழியில் சாதாரணக் காற்று அடித்தால் ஏதோ ஆகிவிடும் என்று பயந்து 27இல் ஓட்டுவதுதான் தவறு. தாராளமாகக் கலக்கலாம்.

ஓடும்போதே திடீரென்று இறங்குகிறது

ஸ்டியரிங் கனக்கும், அல்லது வண்டியின் பின்புறம் ஆடும், தடதடவென்று சத்தம் வரும். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்குங்கள். மேம்பாலத்தின் மேல், வளைவில் நிறுத்த வேண்டாம். ஹசார்டு விளக்கு, பின்னால் முக்கோணம், ஆட்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

காற்றில்லாமல் "அடுத்த பங்க்வரைக்கும்" ஓட்டினால், சில நூறு மீட்டரிலேயே ரிம் பக்கச் சுவரை உள்ளிருந்து நசுக்கிவிடும். அப்படி ஓட்டிவிட்டீர்கள் என்றால், கடையில் டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று உள்ளே பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டினால் அது பக்கச் சுவரின் ரப்பர். ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அந்த டயருக்குப் பஞ்சர் போட்டுப் பயனில்லை.

ஸ்டெப்னி

டிக்கியில் கார்ப்பெட்டுக்கு அடியில் படுத்திருக்கிறதே, அதுவும் மெல்ல மெல்லக் காற்றை இழந்துகொண்டுதான் இருக்கிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் மச்சானின் வண்டி பஞ்சர். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, வியர்க்க வியர்க்க ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கியை இறக்கினால் அதுவும் சப்பென்று தரையில் உட்கார்ந்தது. அளந்தோம், 12.

முழு அளவு ஸ்டெப்னி என்றால் வண்டி வேண்டுகிற அதிகபட்ச அளவுக்கு மேலே இரண்டு மூன்று கூட்டி வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது இறக்குவது சுலபம், நடுரோட்டில் ஏற்றுவதுதான் முடியாது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் கணக்கு வேறு. அதன் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. வேகம் 80க்குள். பங்கில் அதற்கு 60 வைக்கச் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுத்தைக் காட்டுங்கள்.

2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியில் டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்களுடையது அந்த வகைப் புது வண்டியா என்று டிக்கியைத் திறந்து இன்றைக்கே பாருங்கள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கம்ப்ரஸரும் பசை பாட்டிலும் இருந்தால், பாட்டிலின் மேல் காலாவதி தேதி போட்டிருக்கும். கம்ப்ரஸரை ஒருமுறை வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு இயக்கிப் பாருங்கள். பசையை டயருக்குள் விட்டால் பிறகு பஞ்சர் போடுகிறவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அவர் மேலெல்லாம் கொட்டும். அப்புறம் அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.